விண்ணிலிருந்து வந்த அயலான்

நுழையும்முன்

விடுமுறை நாளில் குடும்பத்தோடு சென்று பார்த்து, சிரித்து, வீடு திரும்பியதும் மறந்துவிடும் படங்கள் பல. அவற்றுள் சில, நாம் மறந்துவிட்டதாக எண்ணிக்கொண்டிருக்கும்போதே ஒரு கேள்வியை மனத்தில் விட்டுச் செல்கின்றன. 2024ஆம் ஆண்டு பொங்கலையொட்டி வெளிவந்த ‘அயலான்’ என்னும் தமிழ் அறிவியல் புனைவுப் படம் அத்தகையது. மண்ணுக்கடியில் இருப்பது யாருக்குச் சொந்தம் என்பது அது எழுப்பும் கேள்வி. அக்கேள்வியைக் கன்னியாகுமரி மாவட்டத்தின் சிதறால் மலைமீது நின்று கேட்டுப்பார்க்கிறது இப்பாடம்.

சாரணர் மலை

மார்த்தாண்டத்திற்கு அருகில், தென்னையும் இரப்பரும் அடர்ந்த ஊர்களின் நடுவே எழுந்து நிற்கிறது சிதறால் மலை. கல் பாவிய வழியில் மரநிழலினூடே ஏறிச் சென்றால், ஒன்றன்மீது ஒன்று சாய்ந்து நிற்கும் பெரும்பாறைகளுக்கிடையே இயற்கையாக அமைந்த ஒரு குகைத்தளம் தென்படும். பாறையின் முகத்தில் தீர்த்தங்கரர் உருவங்கள் புடைப்புச் சிற்பங்களாக வரிசையுற அமைந்துள்ளன. பாம்பு குடைபிடிக்க நிற்கும் பார்சுவநாதரையும், சிங்கத்தோடு தோன்றும் அம்பிகா இயக்கியையும் எளிதில் அடையாளம் காணலாம். 9ஆம் நூற்றாண்டில் ஆய்நாட்டை ஆண்ட விக்கிரமாதித்த வரகுணன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இங்குள்ளது. அம்மன்னனின் 28ஆம் ஆட்சியாண்டில், குணந்தாங்கிக் குரத்திகள் என்னும் சமணப் பெண்துறவி பகவதிக்குப் பொன்னணிகள் வழங்கிய செய்தியை அது கூறுகிறது. பிற்காலத்தில் இக்குகைத்தளம் பகவதி கோயிலாக மாறியது. இன்று இவ்விடம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது.

கல்வெட்டுகளில் இம்மலையின் பெயர் திருச்சாரணத்துமலை. சாரணர் என்போர், தவத்தின் வலிமையால் வான்வழியே இயங்க வல்லவர்கள் எனச் சமண மரபு கூறும். சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில், மதுரை நோக்கி நடக்கும் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் சாரணர் ஒருவரைச் சந்திப்பதை நாம் படித்திருக்கிறோம். அறவுரை கூறி முடித்ததும் அவர் நிலத்தைவிட்டு மேலெழுந்து செல்கிறார். ஆக, இம்மலையின் பெயருக்குள்ளேயே வானிலிருந்து வந்து செல்வோர் இருக்கின்றனர். வந்தவர்கள் உயிர்க்கொலை தவிர்க்கச் சொன்னவர்கள். காலடியில் ஊரும் எறும்பும் மிதிபடாதவாறு நிலம் நோக்கி நடந்தவர்கள்.

பறக்கும் தட்டில் வந்திறங்கும் வேற்றுலகவாசிக்கும் இச்சாரணர்க்கும் உறவு கற்பிப்பது நம் நோக்கமன்று. முன்னது புனைவு, பின்னது சமயநெறி. ஆயினும், வானிலிருந்து ஒருவர் வருகிறார், மண்ணில் வாழும் நம்மிடம் நம் நடத்தையைப் பற்றி ஏதோ சொல்கிறார் என்னும் கதையமைப்பு தமிழுக்குப் புதிதன்று என்பதை இம்மலை நினைவூட்டுகிறது. இந்நினைவோடு படத்திற்குள் செல்வோம்.

கல்லைத் தேடி வந்தவன்

‘அயலான்’ படத்தை இயக்கியவர் ஆர். இரவிக்குமார். காலப்பயணக் கருவியை மையமாகக் கொண்டு 2015இல் வெளிவந்த ‘இன்று நேற்று நாளை’ அவருடைய முதல் படம். சிவகார்த்திகேயன் நாயகனாக நடிக்க, ஏ. ஆர். ரகுமான் இசையமைக்க, 2018இல் படப்பிடிப்புத் தொடங்கிய ‘அயலான்’ 2024 சனவரி 12 அன்று திரைக்கு வந்தது. இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் பெருந்தொற்றும் வந்து சென்றது.

கதை எளியது. விண்ணிலிருந்து பூமியில் விழுந்த அரிய கல் ஒன்று, ஆரியன் என்னும் பெருநிறுவன முதலாளியின் கையில் கிடைக்கிறது. அளவற்ற ஆற்றல் கொண்ட அக்கல்லைத் துளைக்கருவியாக்கி, நிலத்தின் அடியாழத்தில் உள்ள ஒரு வாயுவை வெளிக்கொணர அவர் திட்டமிடுகிறார். நாளைய உலகின் எரிபொருள் அதுவே என்பது அவரது வாதம். அத்துளை பூமிக்கே கேடாக முடியும் என்பதை அறிந்து, கல்லை மீட்டுச் செல்ல வேற்றுலகிலிருந்து ஒருவன் வருகிறான். பெரிய கண்களும் மெலிந்த உடலும் கொண்ட அவனுக்குப் படத்தில் வழங்கும் பெயர் டாட்டூ. நடிகர் சித்தார்த் அவனுக்குக் குரல் கொடுத்துள்ளார்.

மறுபுறம், கொடைக்கானல் மலைத்தொடரில் உள்ள பூம்பாறையில் இயற்கை வேளாண்மை செய்யும் இளைஞன் தமிழ். பூம்பாறை உண்மையான ஊர். படிக்கட்டுப் போல அமைந்த அதன் வயல்களையும், அங்கு விளையும் மலைப்பூண்டையும் பலரும் அறிவர். கொடைக்கானல் மலைப்பூண்டு புவிசார் குறியீடு பெற்றது. நிலம் மனிதனுக்கு மட்டும் உரியதன்று, எல்லா உயிர்க்கும் உரியது என்னும் எண்ணம் தமிழுக்கு உண்டு. அவ்வெண்ணத்தால் கடன் தீரவில்லை. தாயின் வற்புறுத்தலால் பிழைப்புத் தேடிச் சென்னைக்கு வருகிறான். அங்கே அவனும் டாட்டூவும் சந்திக்கின்றனர்.

பூமியைக் காக்க வந்தவனுக்குத் துணையாகப் படம் தேர்ந்தெடுத்திருப்பது யாரை என்பதைக் கவனிக்க வேண்டும். அறிவியலாளர் ஒருவரையோ காவல்துறை அதிகாரியையோ அது தேர்ந்தெடுக்கவில்லை. கடன்பட்ட உழவன் ஒருவனைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. மண்ணின் மேற்பரப்பில் ஓரடி ஆழத்திற்குள் வாழ்வு நடத்துபவன் அவன். அந்த ஓரடிக்குக் கீழே கிலோமீட்டர் கணக்கில் துளையிட விரும்புபவர் ஆரியன். படத்தின் முரண் முழுவதும் இந்த இரண்டு ஆழங்களுக்கு இடையில்தான் நிகழ்கிறது. வேடிக்கைக் காட்சிகளும் சண்டைகளும் இதனைப் பல இடங்களில் மறைத்துவிடுகின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அயல் என்னும் சொல்

படத்தின் தலைப்பு சற்று நின்று எண்ணத்தக்கது. ‘அயல்’ என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. ‘அயல்நாடு’ என்னும்போது அது தொலைவையும் வேறுபாட்டையும் குறிக்கிறது. ‘அக்கம் அயல்’ என்னும்போது மிக அருகில் இருப்பதைக் குறிக்கிறது. ஒரே சொல் அந்நியனையும் அண்டை வீட்டாரையும் சுட்டுகிறது. குமரி மாவட்டப் பேச்சில் ‘அயலத்து வீடு’ என்றால் வேலிக்கு அப்பால் உள்ள வீடு. அவசரத்துக்கு ஒரு கைப்பிடி உப்பு கேட்கக்கூடிய வீடு. எல்லையை ஒட்டிய மலையாளத்திலும் இப்பொருளே பெருவழக்கு.

இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் சேர்ந்திருப்பது முரணாகத் தோன்றலாம். வேலியை நினைத்துப்பார்த்தால் முரண் விளங்கும். வேலிக்கு அப்பால் இருப்பவர் நம்மவர் அல்லர். ஆனால் நம் வீட்டில் தீப்பிடித்தால் முதலில் ஓடிவருபவர் அவரே. நம் கிணற்றில் நஞ்சு கலந்தால் அவர் கிணற்றுக்கும் அது செல்லும். வேறானவராகவும் பிரிக்க முடியாதவராகவும் ஒருவர் ஒரே நேரத்தில் இருப்பதைத்தான் ‘அயல்’ குறிக்கிறது. சூழலியல் என்னும் அறிவியல் சொல்வதும் ஏறத்தாழ இதுவே. தேனீ நமக்கு அயல். ஆறு நமக்கு அயல். மண்புழு நமக்கு அயல். டாட்டூ முதற்பொருளில் அயலானாகப் படத்தில் நுழைந்து, இரண்டாம் பொருளில் அயலானாக மாறுகிறான். இம்மாற்றத்தைத் தலைப்பிலேயே வைத்திருப்பது இயக்குநரின் நுட்பம். வேறொரு மொழியில் இத்தலைப்பை ஒரே சொல்லில் பெயர்ப்பது கடினம்.

திரையில் அறிவியல் புனைவு

தமிழ்த் திரையுலகில் இவ்வகைப் படங்கள் எண்ணிக்கையில் குறைவு; வரலாற்றில் நீண்டவை. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனம் அமெரிக்கத் திரைக்குழுவுடன் இணைந்து தயாரித்த ‘காடு’ 1952இல் வெளிவந்தது. காட்டு விலங்குகள் திடீரென வெறிகொண்டு ஊருக்குள் புகுவதற்குக் காரணம் தேடிச் செல்லும் குழுவினர், அழிந்துபோனதாகக் கருதப்பட்ட மாமத யானைகளைக் காண்பதே அதன் கதை. விலங்குகள் காரணமின்றி ஊருக்குள் வருவதில்லை என்னும் கருத்து அப்போதே திரையில் இடம்பெற்றது குறிப்பிடத்தக்கது. 1963இல் ஏ. காசிலிங்கம் இயக்கத்தில் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த ‘கலைஅரசி’யில் வேற்றுலகத்தார் பூமிக்கு வருகின்றனர். எதற்காக? தம் உலகில் இல்லாத இசையைக் கற்பிக்க ஒருவரைக் கொண்டுசெல்வதற்காக. பொன்னையோ நிலத்தையோ விரும்பாமல் பாட்டைத் திருட வந்த அவ்வேற்றுலகத்தாரை நினைத்தால் இன்றும் வியப்பாக உள்ளது.

சங்கர் இயக்கி 2018இல் வெளிவந்த ‘2.0’ பறவைகளின் அழிவைக் கதைப்பொருளாக்கியது. பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் சாயலில் அதன் எதிர்நாயகன் படைக்கப்பட்டார். கைபேசிக் கோபுரங்களின் கதிர்வீச்சே பறவைகள் அழிவதற்குக் காரணம் என்று அப்படம் கூறியது. இக்கருத்து அறிவியலால் உறுதிசெய்யப்பட்டதன்று. வாழிடம் குறைதல், பூச்சிக்கொல்லி, உணவுப் பற்றாக்குறை முதலிய காரணங்கள் வலுவானவை. அறிவியல் புனைவைக் காணும்போது, கதைக்காக ஏற்றுக்கொள்வது எது, உண்மையென நம்புவது எது என்று பிரித்தறியும் பழக்கம் நமக்கு வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

வேற்றுலகத்தவன் இந்தியச் சிற்றூர் ஒன்றில் வந்திறங்கும் கதையை 1962இலேயே எழுதியவர் வங்கத் திரைமேதை சத்யஜித் ராய். ‘பங்குபாபுவின் நண்பர்’ என்னும் அச்சிறுகதையில், எல்லாராலும் கேலிசெய்யப்படும் எளிய பள்ளி ஆசிரியர் ஒருவர் வேற்றுலகத்தவனைச் சந்தித்துத் துணிவு பெறுகிறார். பின்னர் ராய் இவ்வகைக் கதையொன்றை ‘தி ஏலியன்’ என்னும் பெயரில் திரைக்கதையாக 1967இல் எழுதினார். அது படமாகவில்லை.

இல்லாதவனோடு நடித்தல்

டாட்டூ திரையில் முழுமையாகத் தோன்றுவதற்குக் கணினி வரைகலை தேவைப்பட்டது. இப்படத்தில் 4,500க்கும் மேற்பட்ட வரைகலைக் காட்சித்துண்டுகள் உள்ளன எனப் படக்குழுவினர் தெரிவித்தனர். இத்தகைய படங்களில் நடிகர் எதிரே இல்லாத ஒருவரைப் பார்த்துப் பேச வேண்டியிருக்கும். பார்வை ஓர் அங்குலம் விலகினாலும் பொய் வெளிப்பட்டுவிடும். ஆகவே படப்பிடிப்பின்போது வேற்றுலகவாசியின் உயரத்தில் ஒருவரையோ ஓர் அடையாளத்தையோ நிறுத்திப் பார்வையை நிலைப்படுத்துவர். பின்னர்க் கணினியில் உருவத்தை வடித்து, அக்காட்சியில் வெயில் எத்திசையிலிருந்து விழுகிறதோ அத்திசையிலிருந்தே உருவத்தின் மீதும் ஒளி விழச்செய்வர். தரையில் நிழலும் படியவேண்டும். நிழல் இல்லாத உருவத்தைக் குழந்தைகூட நம்பாது.

ஆறாண்டு உழைப்பில் இதற்கே பெரும்பகுதி சென்றது. பயன் என்னவெனில், அரங்கில் அமர்ந்த சிறுவர்கள் டாட்டூவுக்கு அடிபட்டபோது கலங்கினார்கள். இல்லாத ஓருயிருக்காக இரங்கக் கற்ற உள்ளம், இருக்கும் உயிர்களுக்காக இரங்குவது கடினமன்று. குடும்பப் படம் என்னும் வடிவம் இங்கே உதவுகிறது. சூழலியல் செய்தியை ஆவணப்படமாகச் சொல்லியிருந்தால், பாட்டியும் பேரனும் ஒரே வரிசையில் அமர்ந்து அதனைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

எவ்வளவு ஆழம் தோண்டலாம்?

படத்தில் விண்கல் கொண்டு செய்யும் துளைக்கு எல்லையே இல்லை. உண்மையில் எல்லை உண்டு. சோவியத் ஒன்றியத்தின் அறிவியலாளர்கள் 1970இல் கோலா தீபகற்பத்தில் பூமியின் உட்பகுதியை ஆராயத் துளையிடத் தொடங்கினர். 1989இல் அத்துளை 12,262 மீட்டர் ஆழத்தை எட்டியது. அவ்வாழத்தில் வெப்பநிலை 180 டிகிரி செல்சியசை எட்டியது. அவர்கள் எதிர்பார்த்தது ஏறத்தாழ 100 டிகிரியே. பாறை இறுகிய தன்மையை இழந்து நெகிழ்ந்தமையால் கருவி முன்னேறவில்லை. பணி கைவிடப்பட்டது. பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர். மனிதர் தோண்டிய மிக ஆழமான அத்துளை அதில் ஐந்நூறில் ஒரு பங்கையும் எட்டவில்லை. அடியாழத்தைத் துளைக்க வேற்றுலகக் கல் ஒன்றைக் கதாசிரியர் கற்பனை செய்தது இதனால்தான். நம்மிடம் உள்ள எந்தப் பொருளும் அதற்குப் போதாது.

விண்கல்லைப் பற்றியும் ஒன்று சொல்லலாம். பென்னு என்னும் சிறுகோளிலிருந்து 2023 செப்டம்பரில் அமெரிக்க விண்கலம் கொண்டுவந்த கல்லும் துகளும் 121.6 கிராம். இரியுகு சிறுகோளிலிருந்து 2020இல் சப்பானிய விண்கலம் கொண்டுவந்தது சுமார் 5 கிராம். கைப்பிடி அளவு கல்லுக்காக நாம் கோடிக்கணக்கான கிலோமீட்டர் சென்று வருகிறோம். படத்திலோ அவன் அத்தொலைவு கடந்து நம்மிடம் வந்து, ‘அந்தக் கல்லைத் திருப்பிக் கொடு’ என்கிறான். அவனுடைய கோணத்திலிருந்து பார்த்தால் ஆய்வாளர்களும் அயலார்தாம்.

கயிற்றுத் தூசியில் ஒளிர்ந்த கல்

ஒளிரும் கல்லும் அதனைத் தேடிவந்த அயலாரும் குமரிக் கடற்கரைக்குப் புதியவர் அல்லர். இங்கே உண்மையாகவே அப்படியொரு கதை நிகழ்ந்தது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆத்திரிய வேதியியலறிஞர் அவுர் வான் வெல்சுபாக்கு, வாயு விளக்குக்கான வலைத்திரியை உருவாக்கினார். பருத்தி வலையைத் தோரியம் உப்பில் நனைத்துச் சிறிதளவு சீரியம் சேர்த்து எரித்தால், துணி கருகிப் போய்ச் சாம்பல்வலை மட்டும் எஞ்சும். சுடரின் வெப்பத்தில் அவ்வலை வெண்ணிறமாக ஒளிவிடும். நம் திருவிழாக்களிலும் திருமண ஊர்வலங்களிலும் தலைச்சுமையாக வந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் ஒளி அதுவே. தோரியத்திற்கு உலகெங்கும் தேவை பெருகியது.

1909இல் சோம்பர்க் என்னும் செருமானிய வேதியியலாளர், குமரிப் பகுதியிலிருந்து ஏற்றுமதியான தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டு என்னும் கனிமத்தைக் கண்டறிந்தார். தோரியம் கிடைப்பது அக்கனிமத்திலிருந்தே. கயிற்றைக் கடற்கரையில் முறுக்கிய கைகள் அதுவரை உதறித் தள்ளிய மணல் அது. அடுத்த சில ஆண்டுகளில் மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை எழுந்தது. விடுதலைக்குப்பின் 1950இல் தொடங்கப்பட்ட இந்திய அருமணல் நிறுவனத்தின் ஆலை இன்றும் அங்கே இயங்குகிறது. மோனசைட்டோடு இல்மனைட்டு, உரூட்டைல், சிர்க்கான், கார்னெட்டு முதலியனவும் அம்மணலில் உள்ளன.

அம்மணல் எங்கிருந்து வந்தது? மேற்குத்தொடர்ச்சி மலையின் தொன்மையான பாறைகள் மழையிலும் வெயிலிலும் நொறுங்கி, ஆறுகளின் வழியே கடலுக்குச் சென்றன. அலை எடைகுறைந்த துகள்களை இழுத்துச்சென்று, எடைமிக்க துகள்களைக் கரையில் ஒதுக்கியது. சிதறால் அருகே செல்லும் குழித்துறைத் தாமிரபரணி தேங்காய்ப்பட்டணத்தில் கடலில் கலக்கிறது. மலையும் மணலும் ஒரே பொருளின் இரு நிலைகள். நீரும் அலையும் பல்லாயிரம் ஆண்டுகள் சலித்து வைத்ததை நாம் சில பத்தாண்டுகளில் அள்ளுகிறோம்.

மணல் எடுப்பதால் கடலரிப்பு மிகும், கதிரியக்கத் தாக்கம் ஏற்படும் என்னும் அச்சம் கடற்கரை ஊர்களில் நெடுநாளாக உண்டு. அணு ஆற்றலுக்கும் தொழில்நுட்பக் கருவிகளுக்கும் இக்கனிமங்கள் தேவை என்பது மறுபக்க வாதம். காவிரிப் படுகையில் எரிவாயு எடுக்கும் திட்டங்களைப் பற்றியும் இத்தகைய விவாதம் எழுந்தது. 2017இல் புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசலில் உழவர்கள் நடத்திய போராட்டம் நாடறிந்தது. 2020இல் தமிழ்நாடு சட்டமன்றம் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டத்தை இயற்றியது. ‘அயலான்’ படத்து ஆரியன் தோண்ட விரும்பும் வாயு கற்பனையானது. அதனைப் பார்த்த தமிழ்ப் பார்வையாளருக்கு அக்கற்பனை ஏன் அந்நியமாகத் தோன்றவில்லை என்பது இப்போது விளங்கும்.

எதிர்நாயகன் வீழ்ந்த பிறகு

இப்படத்தில் ஒரு குறை உண்டு. ஆரியன் தீயவன். அவன் வீழ்ந்ததும் ஆபத்து விலகுகிறது. அரங்கில் விளக்கு எரிகிறது. எல்லாரும் நிறைவோடு எழுகின்றனர். சூழலியல் சிக்கலை ஒரே ஒருவனின் பேராசையாகச் சுருக்கும்போது நாம் அனைவரும் குற்றமற்றவர்களாகி விடுகிறோம். குடும்பப் படத்துக்கு இது வசதி. உண்மைக்கு இது போதாது.

குமரிக் கடற்கரையில் நடந்து பார்த்தால் இது புலப்படும். அரிக்கும் கடலிலிருந்து வீடுகளையும் படகுகளையும் காப்பதற்காகக் கடலுக்குள் பாறைகளைக் கொட்டித் தூண்டில் வளைவுகள் அமைக்கப்பட்டுள்ளன. மீனவர்கள் அவற்றைக் கேட்டுப் பெற்றனர், கேட்டது நியாயம். அப்பாறைகள் எங்கிருந்து வந்தன? உள்நாட்டுக் குன்றுகளை உடைத்தே எடுக்கப்பட்டன. குன்றில்லாத இடத்தில் மழைநீர் தங்குவதில்லை; அடிவாரத்துக் கிணறு வற்றுகிறது; அக்கிணற்றை நம்பியிருந்த உழவன் துன்புறுகிறான். கடலோரத்து வீட்டைக் காத்த கல், மலையடிவாரத்து வயலை வறளச் செய்துவிட்டது. இக்கதையில் ஆரியன் எங்கே? வீடு கட்டக் கல் வாங்கியவர், சாலை கேட்டவர், துறைமுகம் வேண்டியவர், கரையைக் காக்க வேண்டியவர் என எல்லாரும் இருக்கிறார்கள். எல்லாரும் ஒருவருக்கொருவர் அயலார்.

‘அயலான்’ இவ்விடத்துக்குச் செல்லவில்லை. ஆனால் செல்லும் வழியைத் தன் தலைப்பில் வைத்திருக்கிறது. பூம்பாறை உழவனின் நிலத்துக்கும் சென்னையில் இடப்படும் துளைக்கும் தொடர்பு உண்டு என்று அது காட்டுகிறது. தொலைவிலுள்ள ஒருவனின் செயல் நம் முற்றத்தை வந்து தொடும் என்பதைச் சிறுவனுக்கும் விளங்குமாறு சொல்லியிருக்கிறது. இதற்கு மேல் உள்ளதைப் பார்வையாளர் தாமே தம் ஊரில் தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சிதறால் மலை உடைபடாமல் நிற்பதற்குக் காரணம் அதில் செதுக்கப்பட்ட உருவங்கள். சிற்பம் இருப்பதால் தொல்லியல் துறை வந்தது. வேலியும் காவலும் வந்தன. அதனை அடுத்துள்ள குன்றுகளிலும் இதே பாறைதான் உள்ளது, இதே வயதுதான். அவற்றில் எந்தத் துறவியும் உளி எடுக்கவில்லை. மாலையில் குகைத்தளத்தின் முன் நின்று பார்த்தால், தென்னந்தோப்புகளுக்கு மேலே வானம் மேற்கே கடல்வரை விரிந்து கிடக்கும். கீழே தொலைவில் எங்கோ கல் உடைக்கும் ஓசை எழும், சற்று நேரத்தில் அடங்கும், மீண்டும் எழும்.

கற்பவை கற்றபின்…

உங்கள் ஊரில் தரைக்கடியிலிருந்து எடுக்கப்படும் ஏதேனும் ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். மணல், கல், செம்மண், நிலத்தடி நீர் எதுவாகவும் இருக்கலாம். அது யாரால் எடுக்கப்பட்டு, எங்கே சென்று, எதுவாக மாறுகிறது என்பதைப் பெரியோரிடம் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

‘அயல்’ என்னும் சொல்லைப் போல எதிரெதிரான இரு பொருள் தரும் சொற்கள் உங்கள் வட்டார வழக்கில் உள்ளனவா? கண்டறிந்து வகுப்பறையில் உரையாடுக.

ஆரியன் தன் தரப்பை நேர்மையாக எடுத்துரைக்கும் காட்சி ஒன்றைப் படத்தில் சேர்ப்பதாயின் எவ்வாறு அமைப்பீர்கள்? பூம்பாறைத் தமிழ் அவனுக்குக் கூறும் மறுமொழியையும் சேர்த்து உரையாடலாக எழுதுக.